தொடையிடுக்கு வலியும் அன்றைக்கே எடுக்க வேண்டிய ஸ்கேனும்

இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் தொழிற்பேட்டைகளில் லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள். அவர்களில் ஒருவனுக்கு இரவு ஷிப்டின் நடுவே இடது தொடையிடுக்கில் வலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். “அண்ணே, அடிவயிறு ஒரு மாதிரி இழுக்குது” என்று சூப்பர்வைசரிடம் சொல்வான். வலிக்கும் இடத்தைச் சரியாகச் சொல்ல மாட்டான். “சூடு புடிச்சிருக்கும், மோர் குடி” என்று பதில் வரும். கம்பெனியின் சுகாதார மையமான ஓ.எச்.சி.யில் வலி மாத்திரை ஒன்று கிடைக்கும். ஷிப்ட் முடிந்து, பஸ் பிடித்து, வாலாஜாபாத்திலோ அரக்கோணத்திலோ அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் அறைத்தோழன் தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கச் சொல்வான். அதற்குள் பத்து மணி நேரமாவது ஓடிப்போயிருக்கும்.

அந்த வலிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். விரை தன் தண்டோடு முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அதைக் காப்பாற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான் உண்டு. குடலிறக்கம் சிக்கியிருக்கலாம். கிருமித் தொற்றால் விரைமேல் நாளம் வீங்கியிருக்கலாம். சிறுநீரகக் கல் கீழே இறங்கும் வலியும் அங்கேதான் பாயும். இவற்றோடு, பெரும்பாலான பொது மருத்துவர்கள் தம் பணிக்காலம் முழுவதும் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒன்றும் பட்டியலின் கடைசியில் இருக்கிறது: விரையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைக்குள் ரத்தம் உறைந்துபோவது. அந்த அரிய நோயை முன்வைத்துத்தான் இந்தக் கட்டுரை. அதைத் தேடிப் போகும் பாதையிலேயே மற்ற ஆபத்துகளும் பிடிபட்டுவிடுகின்றன. இந்த வட்டாரத்தில் ஆண்களின் தொடையிடுக்கு வலிக்கு அன்றைக்கே, ரத்த ஓட்டத்தையும் காட்டும் டாப்ளர் ஸ்கேன் என்பது வழக்கமாக வேண்டும் என்று நான் வாதிடுவதற்கு அதுவே காரணம்.

விரையைச் சுற்றிப் புறப்படும் சிறு சிரைகள் ஒன்றோடொன்று கொடிபோலப் பின்னி, விரைத்தண்டுக்குள் ஒரு வலையாக ஏறுகின்றன. தமனியில் வரும் ரத்தத்தின் சூட்டை இந்த வலை உறிஞ்சிக்கொள்வதால்தான் விரை உடம்பைவிடச் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கிறது. மேலே போகப்போக நாளங்கள் ஒன்றுகூடி, தொடையிடுக்குக் கால்வாய் வழியாக வயிற்றுக்குள் நுழைந்து, ஒற்றைச் சிரையாகின்றன. வலப்பக்கச் சிரை நேராகப் பெருஞ்சிரையில் சாய்வாகச் சேர்ந்துவிடும். இடப்பக்கத்துக்கு அந்த வசதி இல்லை. அது இன்னும் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் மேலேறி, இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுகிறது. அந்தச் சிறுநீரகச் சிரையோ மகாதமனிக்கும் குடலுக்குப் போகும் தமனிக்கும் நடுவே நெருக்கப்பட்டு ஓடுகிறது. எழுந்து நிற்கும்போது இத்தனை நீளத்து ரத்தத்தின் எடையும் கீழே உள்ள வலையின் மேல் அழுத்துகிறது. ஆண்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்கு இந்த வலை புடைத்து நிற்கிறது. வெரிகோசீல் எனப்படும் அந்தப் புடைப்பு பெரும்பாலும் இடப்பக்கத்தில் வருவதற்குக் காரணம் இந்த அமைப்புதான். அரிதாகக் கட்டும் உறைவும் பெரும்பாலும் இடப்பக்கமே.

ரத்தம் உறைய மூன்று சூழல்கள் கைகொடுக்கின்றன என்பது ஜெர்மானிய மருத்துவர் விர்ஷோவின் பெயரோடு சேர்த்து இன்றும் கற்பிக்கப்படுகிறது: ஓட்டம் மந்தமாவது, நாளத்தின் உட்சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் தன்மை கூடிப்போவது. புடைத்த வலையில் ஓட்டம் ஏற்கெனவே மந்தம். அதோடு ஓர் அடி, குடலிறக்க அறுவை, மூச்சடக்கிப் பெரும் பாரம் தூக்கியது, உட்கார்ந்தபடியே செய்த நெடும்பயணம், உடம்பில் நீர் வற்றியது, உறைவைத் தடுக்கும் புரதம் சி அல்லது எஸ் பிறவியிலேயே குறைவாக இருப்பது என்று ஏதாவது ஒன்று சேரும்போது உறைவு கட்டுகிறது. காரணம் எதுவுமே பிடிபடாத நோயாளிகளும் உண்டு. 1935-இல் லான்செட் இதழில் மெக்காவின் என்பவர் இதைப் பற்றி எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை மருத்துவ உலகிடம் இருப்பவை பெரும்பாலும் ஒன்று, இரண்டு, நான்கு என்று தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள்தான். இந்திய மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள்: 2018-இல் பி.எம்.சி. யூராலஜி இதழில், கடும் விரைப்பை வலிக்கு அரிய காரணமாக உறைவு கட்டிய வெரிகோசீலைப் பற்றிய குறிப்பு ஒன்று வந்தது. இப்படிச் சிதறிக் கிடக்கும் குறிப்புகளிலிருந்து சதவீதக் கணக்குப் போட்டுக் காட்டுபவர்களை நம்பத் தேவையில்லை. ஆனால் திரும்பத்திரும்ப வரும் ஒரு செய்தியை நம்பலாம்: அந்த நோயாளிகளில் பலர் சிக்கிய குடலிறக்கம் என்று கருதப்பட்டு அறுவை மேசைக்குப் போனவர்கள்; தொடையிடுக்கைத் திறந்த பிறகுதான் குடல் அங்கே இல்லை, உறைந்த சிரைதான் கட்டியாக இருக்கிறது என்று தெரியவந்தது.

இந்த நோயின் பழைய கதை ஒன்று நமக்கு மிக அருகில், கொழும்பில் இருக்கிறது. 1903 முதல் 1915 வரை அங்கே நுண்ணுயிர் ஆய்வாளராக இருந்த இத்தாலியர் ஆல்டோ காஸ்டெல்லானி, இலங்கை ஆண்களிடம் கண்ட ஒரு கடும் விரைத்தண்டு அழற்சியை விவரித்தார். காய்ச்சல், வாந்தி, தண்டு முழுவதும் கயிறுபோல் தடித்து வலிப்பது என்று, பார்ப்பதற்குச் சிக்கிய குடலிறக்கம் போலவே இருக்கும். அறுத்துப் பார்த்தால் வலையின் சிரைகள் தடித்து, உறைவும் சீழுமாக இருக்கும். வெப்பநாடுகளில் இதற்கும் யானைக்கால் புழுவுக்கும் உள்ள உறவு அன்றிலிருந்தே பேசப்பட்டு வருகிறது. அந்தப் புழு ஆண்களிடம் விரும்பித் தங்கும் இடங்களில் ஒன்று விரைத்தண்டின் நிணநாளங்கள். உயிருள்ள புழு அங்கே நெளிவதை இன்று ஸ்கேன் திரையிலேயே பார்க்க முடிகிறது.

யானைக்கால் நோய்க்கு ஒருகாலத்தில் பேர்போன காஞ்சிபுரம் பகுதியில், மருந்து வழங்கும் திட்டங்களும் கொசு ஒழிப்பும் சேர்ந்து அதை வெகுவாகக் குறைத்துவிட்டன. இளம் மருத்துவர்கள் அதை நினைத்துப் பார்ப்பதே அரிது. ஆனால் ஒரகடத்தின் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருப்பவர்களில் கணிசமானோர் பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள். அந்த மாநிலங்களின் பல மாவட்டங்களில் நோய் இன்னும் ஓயவில்லை. அங்கிருந்து வந்த ஒருவருக்கு விரைத்தண்டு தடித்து வலித்தால் சொந்த ஊரைக் கேட்காமல் விடக் கூடாது. இதில் இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு நுணுக்கமும் இருக்கிறது. புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்த ஓட்டத்துக்கு வருகின்றன என்பதால் நள்ளிரவையொட்டி ரத்தம் எடுப்பது பழைய முறை. 1881-இல் லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் வைத்துப் பார்த்தார். குஞ்சுகளும் நேரத்தை மாற்றிக்கொண்டு பகலில் வந்தன. தொடர்ந்து நைட் ஷிப்ட் பார்ப்பவரின் இரவு ரத்தத்தில் ஒன்றும் இல்லையென்று வந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எந்த நேரத்திலும் செய்யக்கூடிய ஆன்டிஜன் பட்டைச் சோதனை இப்போது இருப்பதால் அதையே கேட்பது நல்லது.

முதல் சோதனை கையால் செய்வது. விரை மேலேறிக் குறுக்காகக் கிடக்கிறதா, தொடையின் உட்புறத்தை வருடினால் அந்தப் பக்கத்து விரை மேலே இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். இழுபடாமல், வலி திடீரென்று உச்சத்தில் தொடங்கி, வாந்தியும் இருந்தால் முறுக்கு என்றே கொள்ள வேண்டும். அப்போது ஸ்கேனுக்காகக்கூடக் காத்திருக்கக் கூடாது. அறுவை மருத்துவர் திறந்து பார்த்துவிட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால் பத்தில் ஒன்பது விரைகள் பிழைக்கும். ஒருநாள் கடந்தால் பெரும்பாலும் எடுத்தெறிய வேண்டியதுதான். பயிற்சிக்கு வரும் ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளின் வயதில் முறுக்கு வருவது அரிதல்ல. வலி முறுக்கைவிட மெதுவாக, ஒன்றிரண்டு நாளில் ஏறி, விரை தன் இடத்திலேயே இருக்க, அதற்கு மேலே தண்டு மட்டும் விரல் தடிமனில் கெட்டியாக, அமுக்கினால் உள்ளே போகாமல், இருமினாலும் அசையாமல் இருந்தால் உறைவை நினைக்க வேண்டும். குடலிறக்கம் பொதுவாக இருமும்போது விரலில் வந்து இடிக்கும். சிக்கிக்கொண்டால் அந்த இடிப்பு நின்றுவிடும் என்பதால்தான் குழப்பமே வருகிறது.

அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது டாப்ளர் ஸ்கேன். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் எந்த ஸ்கேன் மையத்துக்குள் நுழைந்தாலும், கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்படாது என்ற சட்டப்படியான பலகை வரவேற்கும். அதன் கீழே கர்ப்பிணிகளும் அவர்களின் மாமியார்களும் உட்கார்ந்திருக்க, யூனிஃபார்மோடு வந்த பையன் ஒருவன் தன் சீட்டைச் சுருட்டிப் பிடித்தபடி கதவோரம் நிற்பான். சீட்டில் எழுதியிருப்பதை வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் நீட்டவே அவனுக்குக் கூசும். அவனோடு வந்த நண்பனுக்கும் என்ன ஸ்கேன் என்று தெரிந்திருக்காது. நோய் தாமதமாகப் பிடிபடுவதற்கு இந்தக் கூச்சம் எவ்வளவு காரணம் என்பதை மருத்துவ நூல்கள் எழுதுவதில்லை. ஆண்களுக்கென்று மாலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்குவதற்கு மையங்களுக்குச் செலவு எதுவும் ஆகாது.

உள்ளே, மேலோட்டமான உறுப்புகளைப் பார்க்கும் உயர் அதிர்வெண் கருவியை ஜெல் தடவித் தண்டின் மேல் வைக்கிறார்கள். முதலில் விரைக்குள் தமனி ஓட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் முறுக்கு பெரும்பாலும் இல்லை. அடுத்து வலையின் நாளங்கள். நல்ல சிரை கருவியை லேசாக அழுத்தினாலே நசுங்கும். “தம் கட்டி முக்குங்க” என்று சொல்லும்போது அதில் நிறம் பாயும், விட்டால் அடங்கும். உறைவு கட்டிய சிரை அகன்று, உள்ளே மங்கலான பொருள் நிரம்பி, அழுத்தினாலும் நசுங்காது, முக்கினாலும் நிறம் காட்டாது. வெரிகோசீலில் ரத்தம் மிக மெதுவாக ஓடும்போதும் உள்ளே மங்கலாகத் தெரியலாம். அதை உறைவு என்று தவறாகப் படித்துவிடாமல் காப்பது இந்த அழுத்திப் பார்க்கும் சோதனைதான். நோயாளியை எழுந்து நிற்கவைத்தும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

பெரும்பாலான அறிக்கைகள் இதோடு முடிந்துவிடுகின்றன. என் பார்வையில் மிக முக்கியமான ஐந்து நிமிடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. கருவியை மாற்றி, அதே மேசையிலேயே வயிற்றையும் பார்க்க வேண்டும். இடது விரைச் சிரை சிறுநீரகச் சிரையில் போய்ச் சேர்வதால், இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி வளர்ந்து சிரைக்குள் நுழைந்தால் அதன் பாதிப்பு முதலில் கீழே விரைப்பையில் தெரியலாம். விரையில் தோன்றிய புற்று வயிற்றின் பின்சுவரிலுள்ள நிணக்கணுக்களுக்குப் பரவிச் சிரையை நெருக்கலாம்; இந்தப் புற்று பெரும்பாலும் வருவதே பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில்தான். நடு வயதுக்காரருக்குப் புதிதாக வெரிகோசீல் வந்து படுத்தாலும் வற்றாமல் நின்றாலோ, உறைவு வலப்பக்கம் மட்டும் இருந்தாலோ, சி.டி. ஸ்கேன் எடுக்காமல் விடக் கூடாது. விரைச் சிரையின் உறைவு மேலேறிச் சிறுநீரகச் சிரையை எட்டியிருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

உறைவு சிரையையே அடைத்துவிட்டால் விரை அழுகிவிடாதா என்று கேட்கத் தோன்றும். பொதுவாக அழுகுவதில்லை. விந்துக்குழாயை ஒட்டி ஓடும் சிரைகளும் தண்டைச் சூழ்ந்த தசையின் சிரைகளும் மாற்றுப் பாதையாக ரத்தத்தை வடித்துவிடுகின்றன. உறைவு பிய்ந்து நுரையீரலுக்குப் போன நிகழ்வுகள் மிக மிக அரிது. ஆகவே நோய் உறுதியாகிவிட்டால் கத்திக்கு அவசரம் இல்லை. ஓய்வு, விரைப்பையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடை, வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்து ஆகியவற்றாலேயே பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. ரத்தத்தை உறையவிடாத மருந்து எல்லோருக்கும் வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. உறைவு வலைக்குள்ளேயே சிறிதாக நின்றால் மருந்தில்லாமல் ஸ்கேனில் கண்காணிக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பெரிய சிரைக்கு ஏறியிருந்தாலோ, உறையும் தன்மை ரத்தத்தில் இருந்தாலோ, வலி குறையாவிட்டாலோ, கால் சிரை உறைவுக்குக் கொடுப்பதுபோல ஏறத்தாழ மூன்று மாதம் கொடுப்பது வழக்கம். வலி அடங்கவே இல்லையென்றாலும், நோய் என்னவென்ற சந்தேகம் தீரவில்லையென்றாலும் உறைந்த சிரையைக் கட்டி அகற்றிவிடலாம். அதில் தமனியைக் காப்பாற்றுவதுதான் அறுவை மருத்துவரின் திறமை.

ரத்தப் பரிசோதனைகளில் ஓர் எச்சரிக்கை. புரதம் சி, எஸ் அளவுகளை உறைவு புதிதாக இருக்கும்போதும், வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடும்போதும் பார்த்தால் இல்லாத குறையைக் காட்டும். தனியார் பரிசோதனைக் கூடத்தில் ஆயிரக்கணக்கில் கட்டி வாங்கும் அந்தக் காகிதம் ஆயுள் முழுவதும் நோயாளியைப் பயமுறுத்தும். மேலைநாட்டு நூல்கள் முதலில் சொல்லும், ரத்தத்தை உறையவைக்கும் ஐந்தாம் காரணியின் மரபுப் பிறழ்வு இந்தியர்களிடம் குறைவு. ஹோமோசிஸ்டீன் கூடியிருப்பதும் பி12 குறைந்திருப்பதும் இங்கே அதிகம். தெளிவான காரணம் இல்லாமல் உறைவு வந்தவர்களுக்கும், இரண்டாம் முறை வந்தவர்களுக்கும், குடும்பத்தில் இளவயதில் உறைவு இருந்தவர்களுக்கும், மருந்து முடிந்த பிறகு ரத்தவியல் மருத்துவர் பார்த்துச் சொன்னால் போதும்.

ரத்தத்தை உறையவிடாத மருந்துகளில் எது என்பதை ஷிப்டும் தீர்மானிக்கிறது. வார்ஃபரினும் அதன் உறவான அசிட்ரோமும் விலை குறைவு. ஆனால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டும். கீரை சாப்பிடும் அளவுகூட ஒரே சீராக இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறி, கிடைத்த மெஸ்ஸில் சாப்பிடும் ஒருவனுக்கு இது நடக்கிற காரியமில்லை. ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத ரிவராக்சபான் போன்ற மாத்திரைகள் இப்போது இந்தியக் கம்பெனிகளின் தயாரிப்பாகவே கிடைக்கின்றன. சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருக்கும் இளைஞனுக்கு அவையே பொருத்தம் என்பது என் கருத்து. எந்த மாத்திரையானாலும், சுங்குவார்சத்திரம் மெடிக்கலில் உடம்பு வலிக்கென்று கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் அதோடு சேர்ந்தால் குடலில் ரத்தம் கசியலாம் என்பதை நோயாளியிடம் தமிழிலோ இந்தியிலோ அவனுக்குப் புரியும்படி சொல்லியே ஆக வேண்டும்.

நாள் முழுவதும் நிற்கும் வேலையால்தான் இந்த உறைவு வருகிறது என்று எவரும் நிரூபித்ததில்லை. நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் நிற்கும்போது அந்தச் சிரைகளில் அழுத்தம் ஏறுகிறது என்பது உடற்கூறு. நின்றே வேலை செய்பவர்களுக்கு, வாய்ப்பு வரும்போதெல்லாம் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 44-ஆம் பிரிவில் எழுதியது. கடைகளில் நிற்பவர்களுக்கு அந்த உரிமையைத் தமிழ்நாடு 2021-இல் சட்டமாக்கியபோது நாடே பேசியது. லைனில் நிற்பவர்களுக்கு அது எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் இருந்ததைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. தண்டு வலித்து மீண்டவனுக்கு அந்த இருக்கை மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய ஒன்று.

மருந்து சாப்பிடும் மூன்று மாதமும் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. வலி போனதும் வேலைக்குத் திரும்பலாம். எந்த வேலைக்கு என்பதுதான் கேள்வி. பிரஸ் ஷாப்பில் தகடு கையைக் கிழித்தால் இந்த மருந்து சாப்பிடுபவனுக்கு ரத்தம் எளிதில் நிற்காது. அச்சைத் தூக்கி மாட்டும் இடத்தில் மூச்சடக்க வேண்டியிருக்கும். “ஃபிட் ஃபார் டூட்டி” என்று மட்டும் எழுதிய சான்றிதழ் அவனை நேராக அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும். எத்தனை வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது, எதுவரை கூர்முனை வேலை கூடாது, மறு ஸ்கேன் என்றைக்கு என்று மருத்துவர் அதில் எழுத வேண்டும். அதைப் படித்து இடம் மாற்றித் தர ஓ.எச்.சி. மருத்துவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு; ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டாலும் பங்களிப்பைக் கட்டவேண்டிய முதல் பொறுப்பு தொழிற்சாலையுடையது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் கட்டியிருந்தால், அதற்குரிய பயன்காலத்தில் நோய்க்கால உதவியாகச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். இது தெரியாததால்தான் பலர் சம்பளம் போய்விடும் என்று வலியோடு லைனில் நிற்கிறார்கள். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை, செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தண்டலத்துத் தனியார் மருத்துவக் கல்லூரி, சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை எல்லாமே வண்டியில் போனால் எட்டிவிடக்கூடிய தூரம்தான். வலி தொடங்கிய நேரத்தையும், விரை மேலேறியிருக்கிறதா என்பதையும் இரண்டு வரியில் எழுதி, சூப்பர்வைசரின் கையெழுத்துக்குக் காத்திராமல் கேட் பாஸ் கொடுத்து, ஓ.எச்.சி. செவிலியரே இரவு இரண்டு மணிக்கும் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பும்படி ஒவ்வொரு தொழிற்சாலையும் ஓர் உத்தரவு போட்டுவைக்கலாம்.